அப்பாவின் வயிற்றில் ஒரு சிவப்புப் புள்ளி

1/
கொஞ்சம் நீளமான த்ரெட் இது. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். ஒரு கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துவிட்டு எங்க அப்பாவும், டாக்டராகிய நானும் ரெண்டு வாரம் தூக்கமில்லாமல் கிடந்த கதை. படம் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதைப் படிக்கத் தெரியாமல் படித்தோம். உங்க வீட்டிலும் யாராவது கலர் கலரான முப்பரிமாணப் படத்தைப் பார்த்து பயந்திருந்தால் இது உங்களுக்கு உதவும்.

2/
முதலிலேயே ஒன்று. நான் அரசு மருத்துவமனையில் டூட்டி பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். ரத்தநாள நிபுணர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஓ.பி.யில் ஜுரம், சுகர், பாம்புக்கடி, ஆக்சிடென்ட் என்று ஓடுகிற ஆள். எங்க வீட்டுக்குள் நடந்ததால் இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடா, நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார்.

3/
அப்பாவுக்கு அப்போது வயசு 67. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் சிகரெட். 2022-ல் யூரின் போவதில் சிரமம் என்று வயிற்று ஸ்கேன் எடுத்தோம். புராஸ்டேட் கொஞ்சம் பெரிது, அது எதிர்பார்த்ததுதான். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வயிற்று மகாதமனி 4.2 செ.மீ. வீங்கியிருக்கிறது.

4/
மகாதமனி என்பது இதயத்திலிருந்து கிளம்பி, முதுகெலும்புக்கு முன்னால் வயிறு வரைக்கும் இறங்குகிற மெயின் பைப். வயிற்றில் அதன் சாதாரண அகலம் சுமார் 2 செ.மீ. 3 செ.மீ.க்கு மேல் போனால் 'அனூரிசம்' என்கிறோம். பழைய சைக்கிள் ட்யூபில் காற்றடித்தால் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலும் வலி இருக்காது. அளவு கூடிக்கூடி ஒரு நாள் வெடித்தால், பலர் மருத்துவமனை வந்து சேர்வதற்கு முன்பே போய்விடுவார்கள்.

5/
அப்படியென்றால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியதுதானே? இந்தக் கேள்வியை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய ஆய்வுகள் வைத்துப் பார்த்துவிட்டார்கள். 4-லிருந்து 5.5 செ.மீ. வரை உள்ளவர்களை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு குழுவுக்கு ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பு. முடிவுகள் 1998-லும் 2002-லும் வந்தன. உடனே ஆபரேஷன் செய்ததால் ஆயுள் கூடவில்லை.

6/
அதனால்தான் ஆண்களுக்கு 5.5 செ.மீ. என்ற எல்லையை உலகம் முழுக்க வைத்திருக்கிறோம். அதுவரை கண்காணிப்பு, பி.பி. கட்டுப்பாடு, சிகரெட்டை நிறுத்துவது. வேகமாக வளர்ந்தாலோ வலி வந்தாலோ கதை வேறு. அப்பாவுக்கு 2023-ல் ஒரு கான்ட்ராஸ்ட் சிடி எடுத்தோம். 4.3 செ.மீ. "வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும்" என்றார் நான் மதிக்கிற ரத்தநாள சர்ஜன் சார். அப்பா சிகரெட்டையும் நிறுத்தினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

7/
2024 பொங்கலுக்கு சித்தப்பா பையன் ஊருக்கு வந்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்டி செய்கிறான். அவனுடைய ஆராய்ச்சியே இதுதான்: ரத்தக்குழாய்ச் சுவரில் எங்கே எவ்வளவு இழுவிசை வருகிறது என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து பார்ப்பது. அதற்கு முன் "அண்ணா, பெரியப்பாவோட சிடி டிஸ்க் குடுங்களேன், அதையும் போட்டுப் பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தான். அப்பாவும் சரி என்றார். டிஸ்க்கைக் கொடுத்தது நான்தான்.

8/
பொங்கலன்று மத்தியானம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப்பைத் திறந்தான். கறுப்புத் திரையில் அப்பாவின் மகாதமனி, நிஜக் குழாய் மாதிரியே பளபளவென்று சுற்றியது. நீலம், பச்சை, மஞ்சள். வீங்கின இடத்தின் பின்பக்கம், இடது ஓரத்தில், மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு திட்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த இடம் பலூன் மாதிரி புஸ்ஸென்று உப்பி அடங்கியது.

9/
அம்மா கையில் கரும்புத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "இந்த சிவப்பா இருக்கே, இதுதான் வெடிக்கப் போற இடமாப்பா?" என்று கேட்டார். தம்பி ஆர்வத்தில், "அங்கதான் பெரியப்பா ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட பொய் இல்லை. ஆனால் அப்பாவின் காதில் விழுந்தது வேறு.

10/
மறுநாளிலிருந்து அப்பா வாக்கிங் போகவில்லை. குடத்தைத் தூக்கவில்லை. தும்மல் வந்தால் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். நாலாவது நாள், எல்ஐசி பத்திரம், பென்ஷன் புத்தகம், பீரோ சாவி எல்லாவற்றையும் அம்மாவுக்கு எடுத்துக் காட்டி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டூட்டி முடித்து வந்து வாசலில் நின்று அதைக் கேட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

11/
என் நிலைமை அதைவிட மோசம். நான் டாக்டர். 4.3 செ.மீ.க்கு ஆபரேஷன் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். மேலே சொன்ன ரெண்டு ஆய்வையும் படித்தவன். ஆனாலும் ராத்திரி கண்ணை மூடினால் அந்தச் சிவப்புத் திட்டுதான் வருகிறது. அத்தனை பேரைப் பார்த்துச் சொன்ன எண்ணைவிட, எங்கப்பா வயிற்றுக்குள் இருக்கிற ஒரு கலர் பெரிதாகத் தெரிந்தது. ரெண்டாவது வாரம் லேப்டாப் வீடியோவை போனில் வாங்கிக்கொண்டு சர்ஜன் சாரிடம் ஓடினேன்.

12/
சார் வீடியோவை ஒரு தடவை பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "படம் அருமையா இருக்கு. இந்த சிவப்புக்கு எத்தனைப்பா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "எத்தனைன்னா சார்?" "சிவப்புன்னா ஒரு நம்பர் இருக்கணுமே. பக்கத்துல கலர் பட்டை எங்கே?" படத்தில் கலர் பட்டையே இல்லை. அழகாக இருக்கட்டும் என்று தம்பி அதை மறைத்துவிட்டு வீடியோ எடுத்திருந்தான். ரெண்டு வாரமாக எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

13/
ஜுரத்தோடு வந்தவரிடம் "தெர்மாமீட்டர்ல எத்தனை?" என்று கேட்காமல் மருந்து எழுத மாட்டேன். "சுகர் இருக்கு" என்றால் "எத்தனை?" என்றுதான் முதல் கேள்வி. எங்கப்பா விஷயத்தில் மட்டும் ஒரு நிறத்தைப் பார்த்தே பயந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி தம்பி தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். "எனக்கு ஆரம்பத்துலேர்ந்து சொல்லு" என்றேன். பாவம், அவனும் பயந்துவிட்டான்.

14/
அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சிடி ஸ்கேன் கொடுப்பது ஒரே முப்பரிமாணப் பொருள் இல்லை. பிரெட் பாக்கெட் மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய துண்டுகள். ஒவ்வொரு துண்டும் 512-க்கு 512 கட்டம் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அந்தத் துண்டுகளில் எது ரத்தக்குழாய், எது பக்கத்துத் திசு என்று முதலில் எல்லை போட வேண்டும். பாதி வேலையை மென்பொருள் செய்யும், மீதியை மனுஷன் கையால் திருத்துவான்.

15/
அந்த எல்லையிலிருந்து வழவழப்பான ஒரு மேற்பரப்பை உருவாக்குகிற பிரபலமான வழி 'மார்ச்சிங் க்யூப்ஸ்'. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த லோரன்சன், க்ளைன் என்ற ரெண்டு பேர் 1987-ல் வெளியிட்டது. சின்னச் சின்ன கன சதுரங்களாக நடந்து போய், ஒவ்வொன்றிலும் எல்லை எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, முக்கோணங்களால் மூடிக்கொண்டே வரும். சிடி, எம்ஆர்ஐ படங்களை முப்பரிமாணமாகக் காட்டுவதற்காகவே எழுதப்பட்ட கட்டுரை அது. நாம் ஆஸ்பத்திரியில் பார்க்கும் முப்பரிமாண எலும்புப் படங்களின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

16/
அடுத்து அந்தக் குழாயின் சுவரை லட்சக்கணக்கான குட்டித் துண்டுகளாகப் பிரிப்பார்கள். அதற்கு 'மெஷ்' என்று பெயர். உள்ளேயிருந்து ரத்த அழுத்தம் தள்ளுகிறது என்று சொல்லி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு இழுபடுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இதுவரைக்கும் படமே கிடையாது. வெறும் எண்கள்தான். படம் வருவது கடைசியில்.

17/
எவ்வளவு எண்கள்? ஒவ்வொரு புள்ளிக்கும் நகர்வுக்கு 3 எண், இழுவிசைக்கு 6 எண், ஆக 9. ஒரு எண்ணுக்கு 8 பைட். அப்பாவின் மெஷ்ஷில் 5 லட்சம் புள்ளி. பெருக்கிப் பார்த்தால் 3.6 கோடி பைட், அதாவது 36 எம்பி. இது ஒரே ஒரு நொடித்துளிக்கு. ஒரு இதயத்துடிப்பை 100 பங்காகப் பிரித்தால் 3.6 ஜிபி. பத்து நோயாளிகள், ஆளுக்குப் பத்து விதமான சோதனை என்று போனால் ஹார்ட் டிஸ்க் தாங்காது.

18/
அதனால் எதைச் சேமிப்பது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். தம்பி சேமித்தது, அழுத்தம் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தை மட்டும். "அப்போ அந்த வீடியோல உப்பி அடங்கினது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். அழுத்தமே இல்லாத நிலைக்கும் உச்ச நிலைக்கும் இடையே மென்பொருளை வைத்து ஆட்டிக் காட்டியிருக்கிறான். நிஜத் துடிப்பை அவன் கணக்குப் போடவே இல்லை.

19/
அதோடு போகவில்லை. நிஜமாகச் சுவர் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அப்படியே காட்டினால் கண்ணுக்கே தெரியாது. அதனால் நகர்வை 15 மடங்கு பெரிதாக்கிக் காட்டியிருந்தான். இன்ஜினியர்கள் பாலம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் செய்வார்களாம். அவர்களுக்குள் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எங்க அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பலூன் மாதிரி உப்பினதன் ரகசியம் இதுதான்.

20/
அடுத்து நிறம். ஒரு புள்ளியில் இழுவிசைக்கு ஆறு எண் இருக்கிறது, ஆனால் நிறம் ஒன்றுதான் பூச முடியும். அதனால் ஆறையும் ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள். 'ஃபான் மிசஸ்' அளவு என்கிறார்கள். ரிச்சர்ட் ஃபான் மிசஸ் 1913-ல் உலோகம் எப்போது வளையும் என்று கணிக்கக் கொடுத்த சூத்திரம். இரும்புக்கு வந்ததை மனுஷ ரத்தக்குழாய்க்கும் பயன்படுத்துகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் சதை இரும்பு இல்லை என்பதும் ஞாபகம் இருக்கணும்.

21/
படம் வரைய அவன் பயன்படுத்தியது 'பாராவியூ'. இலவச மென்பொருள், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முதல் அணுகுண்டு உருவான அதே லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடமும் கிட்வேர் நிறுவனமும் சேர்ந்து 2000-ல் தொடங்கியது. ராட்சத சிமுலேஷன்களின் முடிவைப் பார்ப்பதற்காகச் செய்தது. குறுக்கே வெட்டிப் பார்க்கலாம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள இடத்தை மட்டும் காட்டலாம், ஓட்டத்தைக் கோடாக வரையலாம். அதில் எங்கப்பாவின் ரத்தக்குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

22/
கோப்பைத் திறந்ததும் அது ஒன்று செய்கிறது. இருப்பதிலேயே சின்ன எண்ணைக் கண்டுபிடித்து நிறப்பட்டையின் ஒரு முனையில் வைக்கும். இருப்பதிலேயே பெரிய எண்ணை மறுமுனையில் வைக்கும். தம்பி வானவில் பட்டையைத் தேர்ந்தெடுத்திருந்ததால் சின்னது நீலம், பெரியது சிவப்பு. அப்படியென்றால் என்ன அர்த்தம்? யாருடைய ரத்தக்குழாயைப் போட்டாலும் எங்கேயாவது ஒரு சிவப்பு வந்தே தீரும். உங்களுடையதைப் போட்டாலும், இருபது வயசுப் பையனுடையதைப் போட்டாலும்.

23/
வகுப்பில் எல்லோருமே 35-லிருந்து 42 மார்க் வாங்கியிருந்தாலும் முதல் ரேங்க் ஒருத்தனுக்கு உண்டு. அவன் 42 வாங்கியவன்தான், 100 வாங்கியவன் இல்லை. அப்பாவின் சிவப்பு அந்த முதல் ரேங்க். அந்தக் குழாயில் மற்ற இடத்தைவிட அங்கே அதிகம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. ஆபத்தான அளவா இல்லையா என்று நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

24/
கலர் பட்டையைத் திரையில் போடச் சொன்னேன். நீலம் 60, சிவப்பு 262 கிலோபாஸ்கல். சரி, அந்த 262-ஆவது நிஜமா? தம்பி மெஷ்ஷை இன்னும் பொடியாக்கி மறுபடி ஓட்டினான். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் உச்ச எண் 228. சிவப்புத் திட்டு கொஞ்சம் நகர்ந்தும் போயிருந்தது. எல்லை வரைந்தபோது விட்டுப்போன ஒரு சின்ன மடிப்பு, பெரிய துண்டுகளில் முனை மாதிரி ஆகி எண்ணை ஏற்றிவிட்டிருந்தது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்மியது அந்த மடிப்புக்காகவும்தான்.

25/
காலையில் டீக்கடையில் தம்பி ஒரு பில் பேப்பரின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். குழாயின் சுவரில் வரும் இழுவிசை, தோராயமாக: உள்ளழுத்தம் பெருக்கல் ஆரம், வகுத்தல் சுவரின் தடிமன். அழுத்தம் 120 என்றால் 16 கிலோபாஸ்கல். ஆரம் 21.5 மி.மீ. தடிமன் 1.8 மி.மீ. 16-ஐ 21.5-ஆல் பெருக்கி 1.8-ஆல் வகுத்தால் 191. "அண்ணா, ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓடினதும் இதுக்குப் பக்கத்துலதான் வருது பாருங்க."

26/
அதே கணக்கை 2 செ.மீ. அகலமுள்ள சாதாரணக் குழாய்க்குப் போட்டால் 89. 5.5 செ.மீ.க்குப் போட்டால் 244. அகலம் கூடக்கூட சுவர் மேல் பாரம் கூடுகிறது. டாக்டர்கள் ஏன் ஒரு சாதாரண ஸ்கேனில் அகலத்தை மட்டும் அளந்துகொண்டே இருக்கிறோம் என்பதற்கு ஒரு காரணம் அந்தப் பில் பேப்பரில் இருந்தது. படிக்கும்போது மனப்பாடம் செய்த 5.5-க்கு அன்றைக்குத்தான் ஒரு உருவம் கிடைத்தது.

27/
"தடிமன் 1.8-ன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன். "கண்டுபிடிக்கலைண்ணா. சிடில சுவர் தடிமன் துல்லியமாத் தெரியாது. எல்லா இடத்துலயும் 1.8-ன்னு நானே வெச்சுக்கிட்டேன்." "பி.பி. 120?" "அதுவும் நானே வெச்சதுதான்." அங்கேதான் எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் அப்பாவின் நிஜ பி.பி. எனக்குத் தெரியும். பொங்கலுக்கு அப்புறம் பார்த்தது 146.

28/
146-ஐப் போட்டுக் கணக்குப் பார்த்தோம். 191 இருந்த இடத்தில் 232. அந்தச் சிவப்புத் திட்டைப் பார்த்து ரெண்டு வாரம் பயந்தோமே, அந்த நேரத்தில் அப்பா தூக்கம் கெட்டு, நடக்காமல், பயத்தில் பி.பி. ஏறிக்கொண்டிருந்தார். ரெண்டு நாள் மாத்திரையும் விட்டிருந்தார். "எப்படியும் வெடிக்கப் போகுது, மாத்திரை எதுக்கு" என்று அம்மாவிடம் சொன்னாராம். நாங்கள் காட்டிய படம் அவருக்குச் செய்த நிஜக் கெடுதல் அதுதான்.

29/
வீட்டுக்கு வந்து அப்பாவை உட்கார வைத்தோம். தம்பி நிறப்பட்டையை 0-லிருந்து 600 என்று மாற்றிக் காட்டினான். வீங்கின மகாதமனிச் சுவரின் துண்டுகளை ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தவர்கள், அது அறுந்து போக நூற்றுக்கணக்கான கிலோபாஸ்கல் தேவைப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள், அதனால் அந்த அளவு என்றான். சிவப்பு மறைந்து குழாய் முழுக்க நீலமும் பச்சையுமாக மாறியது. அம்மா முகம் தெளிந்தது. நானும் பெருமூச்சு விட்டேன்.

30/
அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பட்டையை மாத்தி நீலமாக்கிட்டா சரியாப் போச்சா? அன்னிக்கு சிவப்பாக்கினதும் நீதானே?" என்றார். ஹாலில் யாரும் பேசவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். டாக்டரும் பிஎச்டியும் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். பட்டையை 2000 வரை நீட்டினால் வெடிக்கிற நிலையில் இருப்பவரின் குழாயும் அழகான நீலமாகத்தான் தெரியும்.

31/
அவர் சொன்னது சரி. பயமுறுத்தும் படத்தை நம்பக்கூடாது என்றால் ஆறுதல் தரும் படத்தையும் நம்பக்கூடாது. சுவர் தாங்கும் பலம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு இடத்துக்கு இடம் மாறும். அப்பாவின் சுவரை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. அதனால் அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பா, இந்தப் படத்தை வெச்சு உங்களுக்கு நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. உங்க 4.3-ஐயும், பி.பி.யையும் வெச்சுத்தான் சொல்ல முடியும்."

32/
இந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்லவில்லை. அகலம் சின்னதாக இருந்தும் வெடிக்கிறவர்கள் உண்டு, பெரிதாக இருந்தும் வெடிக்காதவர்கள் உண்டு. யார் எவர் என்று முன்கூட்டியே தெரிய இந்த மாதிரி சிமுலேஷன்கள் ஒரு நாள் உதவலாம். ஆனால் ஆபரேஷன் முடிவை இன்றைக்கும் அகலத்தையும் வளர்ச்சியையும் அறிகுறியையும் வைத்துத்தான் எடுக்கிறோம். தம்பியிடமும் அதைச் சொன்னேன்: "நிறுத்தாதே. பட்டையை மட்டும் மறைக்காதே."

33/
படம் எப்படிக் காட்டப்படுகிறது என்பது டாக்டர்களையே எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2011-ல் மிஷெல் போர்கினும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. இதய ரத்தக்குழாயின் சிமுலேஷன் முடிவுகளை ஹார்வர்ட் மருத்துவ மாணவர்களிடம் கொடுத்து, ஆபத்தான இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வானவில் நிறம் பூசிய முப்பரிமாணப் படத்தில் அவர்கள் கண்டுபிடித்தது 39 சதவீதம் இடங்களைத்தான்.

34/
அதே தகவலை, குழாயை விரித்துத் தட்டையாக்கி, வானவில்லை விட்டுவிட்டு ஒழுங்காகக் கூடிக் குறையும் நிறத்தில் காட்டியபோது 91 சதவீதம். உள்ளே இருக்கும் எண்கள் ஒன்றேதான். காட்டும் விதம்தான் மாறியது. வானவில்லில் மஞ்சள் பளிச்சென்று கண்ணை இழுக்கும், பச்சைக்குள் இருக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. சுற்றும் முப்பரிமாணப் படத்தில் பின்பக்கம் மறைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும் படத்தில்தான் அதிகம் தவறவிட்டார்கள்.

35/
சரி, உங்களுக்கு என்ன பயன்? சிடி, எம்ஆர்ஐ, இதய ஸ்கேன் எதுவானாலும் கலர் படத்தை யாராவது காட்டினால் இந்த நாலையும் கேளுங்கள்.
ஒன்று: இந்த நிறத்துக்கு எத்தனை? பட்டை எங்கே?
ரெண்டு: போன தடவை எடுத்த படமும் இதுவும் ஒரே அளவுகோலிலா?
மூணு: இதில் அளந்தது எது, நீங்களாக வைத்துக்கொண்டது எது?
நாலு: இதனால் என் வைத்தியம் மாறுமா?

36/
நாலாவதுதான் முக்கியம். "மாறாது" என்று பதில் வந்தால் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாட்ஸப் குரூப்பில் போட்டு எல்லோரையும் கலங்கடிக்க வேண்டாம். எங்களைப் போன்ற டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: நோயாளி முன்னால் திரையைத் திருப்புவதற்கு முன், அதில் இருக்கும் சிவப்புக்கு நமக்கே அர்த்தம் தெரியுமா என்று பார்த்துக்கொள்வோம். எனக்குத் தெரியவில்லை. அதற்கான விலையை அப்பா கொடுத்தார்.

37/
மகாதமனி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 65-லிருந்து 75 வயசுக்குள், எப்போதாவது புகைத்த பழக்கம் உள்ள ஆண்களுக்கு ஒரே ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் அப்பா, தாத்தா அந்த வகையில் இருந்தால் அவர்களுடைய டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண வயிற்று ஸ்கேனே போதும். வீக்கம் இருப்பவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடுமையான வலி, மயக்கம் வந்தால் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காமல் 108.

38/
அப்பா மறுபடி வாக்கிங் போக ஆரம்பித்தார். மாத்திரையை விடுவதில்லை. பி.பி. மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழைய டிக்கெட் கணக்கு எழுதுகிற மாதிரியே ஒரு நோட்டில் தேதி போட்டு எண்ணைக் குறித்துவைக்கிறார். 2024 கடைசியில் ஸ்கேன் எடுத்தோம், 4.3. போன வருஷம் 4.4. ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் ரேடியாலஜி டாக்டர் அம்மா திரையைத் திருப்பிக் காட்டப் போனார்கள். அப்பா கையை ஆட்டி, "படம் வேணாம்மா, நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார்.

39/
தம்பியின் ஆராய்ச்சி நன்றாகப் போகிறது. இப்போது அவன் அனுப்பும் ஒவ்வொரு படத்தின் வலது ஓரத்திலும் பட்டை இருக்கிறது. கீழே ஒரு வரி: அழுத்தம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு என்று வைத்துக்கொண்டது, நகர்வு இத்தனை மடங்கு பெரிதாக்கியது. அவனுடைய கைடுகூட "யார் சொல்லி இதையெல்லாம் போட ஆரம்பிச்சே?" என்று கேட்டாராம். "எங்க பெரியப்பா" என்று சொன்னானாம்.

தேவைப்படும் யாருக்காவது பகிருங்கள்.